இரண்டாவது பாட்டில்

ஜனவரி 24

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

இங்கே நான் நலம். அங்கே நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணாவின் முதுகுவலி குறைந்ததா?

முகாமில் எங்கள் போன்களை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரம் கொடுப்பார்கள். அதை உங்கள் மாப்பிள்ளைக்கென்று வைத்திருக்கிறேன். கப்பலுக்குச் சிக்னல் கிடைப்பதும் எங்களுக்குப் போன் கிடைப்பதும் ஒரே நேரத்தில் நடந்தால் அது லாட்டரி விழுந்த மாதிரி. அதனால் உங்களுக்குக் கடிதம்தான்.

பத்தாயிரம் மீட்டரில் இரண்டாவது வந்துவிட்டேன். பேப்பரில் பார்த்திருப்பீர்கள். கடைசிச் சுற்றில் முன்னால் ஓடினவளின் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. இன்னும் கொஞ்சம் தூரம் இருந்திருந்தால் பிடித்திருப்பேன். எப்படியோ, பெரிய போட்டிக்கான குழுவில் என் பெயர் இருக்கிறது. முதல் முறை.

ஓட்டம் முடிந்ததும் ஊக்கமருந்து சோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். உடம்பில் இருந்த தண்ணீரெல்லாம் வியர்வையாகப் போன பிறகு சிறுநீர் எங்கிருந்து வரும்? பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கழிப்பறைக்குள்ளும் ஒரு பெண் அதிகாரி வந்து எதிரிலேயே நிற்கிறார். "என்னையே பாக்காதீங்க மேடம், வர மாட்டேங்குது" என்றேன். "பாக்கறதுக்குத்தாம்மா எனக்குச் சம்பளமே" என்றார். ஒருவழியாகக் கொடுத்ததை இரண்டு பாட்டில்களில் பங்கு பிரித்து, ஏ, பி என்று எழுதி, என் கண் முன்னாலேயே மூடினார்கள். மூடியை உடைக்காமல் திறக்கவே முடியாதாம்.

போன வாரம் கொஞ்சம் காய்ச்சல். இரண்டு மூன்று நாள் படுத்திருந்தேன். கோச்சிடமும் காய்ச்சல் என்றுதான் சொன்னேன். இப்போது ஒன்றுமில்லை. அத்தை போன் செய்தால் இதைச் சொல்லிவிட வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தங்கை


பிப்ரவரி 3

என் வெட்டுக்கிளிக்கு,

நாங்கள் சுகம். முதுகுவலியும் சுகமாக என்னோடு இருக்கிறது.

பேப்பரில் வந்த உன் படத்தை வெட்டி என் டூல் பெட்டியின் மூடியில் ஒட்டியிருக்கிறேன். எடை மெஷின் ரிப்பேருக்குப் போகிற கடையிலெல்லாம் பெட்டியைக் கொஞ்சம் அகலமாகத் திறந்து வைக்கிறேன், யாராவது கேட்க மாட்டார்களா என்று. நேற்று ஒரு காய்கறிக்கடைக்காரர் கேட்டார். "தங்கச்சி" என்றேன். "உங்களைப் பாத்தா அப்படித் தெரியலையே" என்றார். அவர் மெஷினைச் சரிசெய்ய வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்.

பாட்டில் கதையைப் படித்து உன் அண்ணி சிரித்தாள். எனக்கு அதில் ஒரு திருப்தி. ஆள் பார்த்துச் சொன்னால்தான் சந்தேகம், மெஷின் பார்த்துச் சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேச முடியாது. நீ சுத்தம் என்று அந்தப் பாட்டிலே சொல்லிவிடும்.

நன்றாகச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு.

உன் அண்ணன்

இது அண்ணி. என்ன காய்ச்சல் அது? டாக்டர் பார்த்தாரா? உன் அண்ணன் அந்த வரியைப் படிக்கவே இல்லை போலிருக்கிறது.


பிப்ரவரி 26

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம்தானே?

நான் முகாமில் இல்லை. புகுந்த வீட்டில் அத்தையோடு இருக்கிறேன். ஏ பாட்டிலில் மருந்து இருப்பதாக வந்துவிட்டது. தசையை வளர்ப்பதற்குப் போடுகிற ஒரு ஹார்மோன் மருந்தின் தடயமாம். கொஞ்சம்தானாம், ஆனாலும் இருக்கிறதாம். காலையில் ஓடிவிட்டு வந்தவளைக் கோச் அறைக்குக் கூப்பிட்டார். மதியம் பஸ் ஏற்றிவிட்டார்கள். அறையில் என்னோடு இருந்த பெண் எனக்குப் பெட்டி கட்ட உதவினாள், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் எதுவும் சாப்பிடவில்லை. எதுவும் போட்டுக்கொள்ளவில்லை.

போன் கையில் இருக்கிறது, ஆனால் இங்கே பேச முடியாது. ஹாலில் அத்தை, பக்கத்து அறைக்கு நடுவில் இருப்பது பலகைச் சுவர். தும்மினால்கூட அங்கிருந்து "உடம்பு சரியில்லையா" என்று கேட்கும். செய்தி வந்த அன்று அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கல்யாணமாகி ஆறு வருஷமா இந்த வீட்டுல ஒரு தொட்டில் கட்டல. ஓட்டம், ஓட்டம்னு சொன்ன. கடைசியில இதுக்குத்தானா?" அதன் பிறகு பேசவில்லை. சாப்பாடு மட்டும் மேஜையில் மூடி வைக்கிறார்.

அவருக்கு இன்னும் தெரியாது. கப்பல் நடுக்கடலில் இருக்கிறது.

அண்ணியின் உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை


மார்ச் 5

வெட்டுக்கிளி,

நாங்கள் நன்றாகத்தான் இருக்கிறோம். உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கோபப்படாமல் படி. நீ தெரிந்து எதையும் செய்திருக்க மாட்டாய். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கோச் கொடுத்த சத்து மாத்திரை? யாராவது போட்ட ஊசி? பாலில் கலக்கிக் குடிக்கிற பவுடர்? நன்றாக யோசித்துப் பார். எதுவுமே உள்ளே போகாமல் மெஷின் எப்படி இருக்கிறது என்று சொல்லும்? முள் சும்மா நகராது. நான் இத்தனை வருஷம் எடை மெஷின்களோடு வாழ்கிறவன், எனக்குத் தெரியாதா?

இரண்டாவது பாட்டிலைத் திறந்து பார்க்கச் சொல்லி நீ கேட்கலாம் என்று இங்கே விசாரித்துத் தெரிந்துகொண்டேன். திறக்கும்போது உன் சார்பில் ஒருவர் பக்கத்தில் நிற்கலாமாம். அந்தச் சோதனைக்கூடம் நம் வீட்டிலிருந்து ஒரே பஸ். நான் போகிறேன். நீ என் பெயரைக் கொடுத்து எழுதிக் கொடுத்தால் போதும்.

சாப்பிடாமல் இருந்துவிடாதே. அத்தையிடம் பணிவாக இரு.

உன் அண்ணன்


மார்ச் 21

அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகமென்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பலமுறை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். "எனக்குச் சந்தேகமில்லை" என்று நீ எழுதியிருந்த வரிக்குக் கீழே எத்தனை கேள்விகள். ஓடுகிற காலத்தில் தலைவலி மாத்திரைகூடக் கோச்சைக் கேட்காமல் போட்டதில்லை. அதற்கு மேல் என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாவது பாட்டிலைத் திறக்காமலே விட்டுவிட்டால் என்ன? நாலு வருஷம் தடை போடுவார்கள். நாலு வருஷம் கழித்து எனக்கு முப்பத்து மூன்று. அதன் பிறகு யார் என்னைத் தேடப்போகிறார்கள்? பேசாமல் வீட்டோடு இருந்துவிடலாம் என்று தோன்றுகிறது. அந்தப் பாட்டிலை நினைத்தாலே பயமாக இருக்கிறது.

நீ கேட்டுக்கொண்டதற்காக எழுதிக் கொடுத்துவிட்டேன். உன் பெயரைத்தான் கொடுத்திருக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

தங்கை


ஏப்ரல் 12

வெட்டுக்கிளிக்கு,

நாங்கள் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

பாட்டில் திறந்ததை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். எனக்கு ஒரு வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள். கை பாதிதான் வந்தது. உள்ளே சின்ன அறை, நடுவில் எஃகு மேஜை. பக்கத்து அறைக் கண்ணாடி வழியாக ஒரு தராசு தெரிந்தது, ஆள் நடந்து போனால் அதன் எண் நடுங்குகிறது. அப்படி ஒரு தராசை நான் பார்த்ததே இல்லை. பார்த்ததும் அந்த இடத்தின் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. ஓட்டச் சங்கத்திலிருந்து ஒருவர், சோதனைக்கூடத்துத் தலைமை அதிகாரி, சோதனை செய்கிற பெண் ஒருவர், நான். பாட்டிலின் எண்ணைச் சத்தமாகப் படித்துக் காட்டினார்கள். மூடி உடையவில்லை, கசிவு இல்லை, என் கையால் தொட்டுப் பார்த்தேன். பிறகு ஒரு கருவியில் வைத்து அழுத்தினார்கள். மூடி படக்கென்று வெடித்தது. என் நெஞ்சும்தான்.

அந்தச் சோதனை செய்கிற பெண் ஒரு கேள்வி கேட்டாள் பார், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. "உங்க தங்கச்சிக்குக் கல்யாணம் ஆயிடுச்சா சார்?" என்றாள். "ஆயிடுச்சு. அதுக்கும் இதுக்கும் என்னங்க?" என்றேன். தலைமை அதிகாரி அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் குனிந்து வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். வேலை நேரத்தில் ஊர்வம்பு.

நேற்று முடிவு வந்தது. இரண்டாவது பாட்டிலிலும் அதே மருந்து, ஏறத்தாழ அதே அளவு.

ஒரே பொருளை இரண்டு தடவை வைத்து இரண்டு தடவையும் ஒரே எண் வந்தால், அது தப்பு என்று நான் யாரிடமும் வாதாட மாட்டேன். சங்கத்து ஆள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த மாத முடிவுக்குள் ஒத்துக்கொண்டு எழுதிக் கொடுத்தால் தடையில் ஒரு வருஷம் குறையும் என்றார். என் பேச்சைக் கேள். எழுதிக் கொடுத்துவிடு. தெரியாமல் நடந்தது என்று எழுது. நாங்கள் உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம்.

உன் அண்ணன்


ஏப்ரல் 13

அன்புள்ள கிளிக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நினைக்க ஆசை. தபாலில் போடச் சொல்லி உன் அண்ணன் என்னிடம் கொடுத்த கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டேன். தப்புதான். படித்த பிறகு அதோடு இதையும் சேர்த்து அனுப்பாமல் இருக்க முடியவில்லை.

அந்தப் பெண் கேட்டதை உன் அண்ணன் வம்பு என்கிறார். ஒரு பெண் இன்னொரு பெண்ணைப் பற்றி, அதுவும் சோதனைக்கூடத்துக்குள் வைத்து, அந்தக் கேள்வியைச் சும்மா கேட்க மாட்டாள் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாப்பிள்ளை லீவு முடிந்து கப்பலுக்குப் போனது நவம்பர் கடைசியில். போட்டி ஜனவரியில். ஜனவரியில் உனக்கு வந்தது எப்படிப்பட்ட காய்ச்சல், கிளி? இதை நான் ஒரு தடவை கேட்டேன். நீ பதில் எழுதவில்லை.

எதையும் விளக்க வேண்டாம். ஒரு வரி போதும். வீட்டு முகவரிக்கு எழுத வேண்டாம், நான் வேலை பார்க்கிற கண் ஆஸ்பத்திரி முகவரியைக் கீழே கொடுத்திருக்கிறேன். வரவேற்பில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன், என் கைக்குத்தான் வரும். நீ சொல்லாமல் உன் அண்ணனுக்குச் சொல்ல மாட்டேன்.

என்னிடமிருந்து பதில் வரும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதே.

அண்ணி


ஏப்ரல் 25

வெட்டுக்கிளி,

நலமா? பதிலே இல்லை. போன் செய்தால் அத்தை எடுத்து "தூங்குறா" என்கிறார். எந்த நேரம் செய்தாலும் தூங்குகிறாய்.

நான் எழுதினதில் ஏதாவது மனசு நொந்துபோயிருந்தால் திட்டியாவது ஒரு கடிதம் எழுது. உன் அண்ணியும் ஒரு மாதிரியாக இருக்கிறாள். தபால்காரரைப் பார்த்தால் எழுந்து நிற்கிறாள். என்ன என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்கிறாள். இந்த வீட்டில் ஒன்றுமில்லை என்ற வார்த்தைக்கு அர்த்தம் என்ன என்று எனக்குத் தெரியும்.

மாதம் முடியப்போகிறது. ஞாபகமிருக்கட்டும்.

அண்ணன்


ஏப்ரல் 27

அன்புள்ள அண்ணி,

நீங்கள் சுகமா? ஆஸ்பத்திரி முகவரிக்கே எழுதுகிறேன்.

போட்டிக்கு முன்னால், முகாமுக்கு வெளியே இருந்த மருந்துக்கடையில் அட்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டு கோடு. ஆறு வருஷமாக எத்தனையோ முறை பார்த்து ஒரு கோட்டோடு குப்பையில் போட்ட அட்டை. ஞாயிற்றுக்கிழமை அவரிடம் சொல்லலாம் என்று போனை வாங்கினேன். சிக்னல் இல்லை. கோச்சிடம் சொன்னால் பெயரை அடித்துவிடுவார். போட்டி முடிந்ததும் எல்லோரிடமும் சொல்லிக்கொள்ளலாம், சில நாள்தானே என்று நினைத்தேன். தெரிந்துதான் ஓடினேன், அண்ணி. அது வயிற்றில் இருக்கிறது என்று தெரிந்துதான் ஓடினேன். அன்றைக்கு ஓடின மாதிரி நான் என்றைக்கும் ஓடியதில்லை.

அடுத்த வாரம் எல்லாம் போய்விட்டது. முகாமின் பொதுக் குளியலறையில். வெளியே யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள், "சீக்கிரம் வா, பயிற்சிக்கு நேரமாச்சு" என்று. காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். டாக்டரிடம் போகவில்லை. போனால், ஓடினதால்தான் என்று சொல்லிவிடுவார் என்று பயம்.

இதற்கும் அந்த மருந்துக்கும் சம்பந்தம் இருக்குமா என்று எனக்கு முதலிலிருந்தே சந்தேகம். யாரிடம் கேட்பது? சம்பந்தம் இருந்தால் இதைச் சொல்லித்தானே வெளியே வர வேண்டும். அவரிடம் என்ன சொல்வேன்? அத்தையிடம்? ஓடி ஓடியே கலைத்துவிட்டாள் என்றுதானே காலத்துக்கும் பேச்சு இருக்கும். அதற்கு, மருந்து போட்டுக்கொண்டு ஓடினாள் என்ற பெயர் எவ்வளவோ மேல். அந்தப் பெயரோடு இந்த வீட்டில் இருந்துவிடலாம். இந்தப் பெயரோடு முடியாது.

ஒத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உறை என் பைக்குள் இருக்கிறது. இரண்டு தடவை தபால் பெட்டி வரை போய்த் திரும்பிவிட்டேன். நீங்கள் எழுதியது தடுக்கிறது.

கிளி


மே 1

என் கிளிக்கு,

உன் கடிதம் வந்தது. ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். நான் நன்றாக இருக்கிறேன். நீ எழுந்து முகம் கழுவிக்கொண்டு இதைப் படி.

அந்த உறையைக் கிழித்துப் போடு. ஒத்துக்கொள்ளாததால் ஒரு வருஷம் கூடினாலும் கூடட்டும்.

நேற்று வேலைக்குப் போகாமல் சோதனைக்கூடத்து வாசலில் போய் நின்றேன். காவலாளியிடம் கேட்டு அடையாளம் தெரிந்துகொண்டேன். அந்தப் பெண் டீ குடிக்க வெளியே வந்தாள். உன் பெயரைச் சொல்லவில்லை, நடந்ததையும் சொல்லவில்லை. "கல்யாணம் ஆயிடுச்சான்னு ஏம்மா கேட்டீங்க?" என்று மட்டும் கேட்டேன். அவள் டீயைக் கீழே வைத்துவிட்டாள்.

"கர்ப்பமா இருக்கற பொண்ணு உடம்பே அந்தத் தடயத்தைக் கொஞ்சமா உண்டாக்குங்க. அதனால பொண்ணுங்க சிறுநீர்ல இவ்வளவு கம்மியா வந்தா, கர்ப்ப ஹார்மோன் இருக்கான்னும் சேத்துப் பாக்கணும். அதான் முறை" என்றாள். "பாத்தீங்களா?" என்றேன். "அந்த வாரம் அதுக்கான கிட் வரல. அறிக்கைக்கு மேலேருந்து நெருக்கறாங்க. அந்த இடத்தை வெறுமையா விட்டு அனுப்பிட்டாங்க. நான் சொன்னேன். யாராவது கேட்டா அப்பப் பாத்துக்கலாம்னு எங்க தலைமை அதிகாரி சொல்லிட்டாரு. யாருமே கேக்கல" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

இரண்டாவது பாட்டிலில் இன்னும் கொஞ்சம் மீதி இருக்கிறதாம். குளிரில் உறைய வைத்திருக்கிறார்கள். அதில் பார்க்கலாம். ஆனால் நீதான் எழுதிக் கேட்க வேண்டும். வேறு யாரும் கேட்க முடியாது.

இங்கே வா. நானே உன்னை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். அங்கே நான் பேச மாட்டேன், நீயே கேள். அவர் சொல்வதைக் கேட்டுவிட்டு முடிவு செய். மாப்பிள்ளைக்கு எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது என்பதில் நான் தலையிட மாட்டேன். ஆனால் விசாரணைக் குழு வாயிலிருந்து அவர் கேட்கக் கூடாது.

அண்ணனிடம் "ஒன்றுமில்லை" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது.

அண்ணி


ஜூன் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் நலமா? நான் தேவலை.

மே மாதம் உன் வீட்டில் வந்து தங்கியபோது உன்னிடம் சொல்ல எத்தனையோ முறை வாய் எடுத்தேன். நீ "காபி வேணுமா" என்று கேட்டுக் கேட்டு ஓடினாய். கடைசியில் அண்ணியே சொல்லட்டும் என்று விட்டுவிட்டுக் கிளம்பினேன். நான் போன பிறகு நீ குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் வெளியே வரவில்லை என்று அண்ணி எழுதியிருந்தார்.

டாக்டர் சொன்னதை நானே உனக்கு எழுதுகிறேன். ஓடினதால் கலைந்திருக்காது என்றார். ஆரம்பத்தில் கலைகிற பெரும்பாலானவை கரு சரியாக உருவாகாததால்தான் கலைகின்றன, ஓடாமல் படுத்தே கிடந்தாலும் நடந்திருக்கும் என்றார். நிச்சயமாகவா என்று கேட்டேன். "நிச்சயம்னு மருத்துவத்துல எதையும் சொல்ல மாட்டேன், ஆனா உங்க மேல பழி இல்ல" என்றார். பகலில் நம்புகிறேன். படுத்தால் முதல் பாதி மட்டும் ஞாபகம் வருகிறது.

அவருக்கு நானே போனில் சொன்னேன். கப்பல் துறைமுகத்தில் நின்ற நேரம். தபால் அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று "கேக்குதா?" என்றேன். "கேக்குது" என்றார். பிறகு வைத்துவிட்டார். இரண்டு வாரம் சத்தமே இல்லை. முடிந்தது என்று நினைத்தேன், அண்ணா. துணிமணியை அடுக்கக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

ஒரு மதியம் சொல்லாமல் வந்து நின்றார். பையைக்கூட இறக்கவில்லை. "ஓடும்போது வலிச்சுதா?" என்று கேட்டார். அதுதான் முதல் கேள்வி. இல்லை என்றேன். "ஒரு துளிகூட?" "இல்ல. அன்னிக்கு ரொம்ப லேசா இருந்துச்சு." அவர் கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். அதன் பிறகு அத்தையிடம் அவரே போய்ச் சொன்னார். பலகைச் சுவர் வழியாக எல்லாம் கேட்டது. அத்தையின் குரல் மட்டும் கேட்கவில்லை.

மீதியிருந்ததில் கர்ப்ப ஹார்மோன் இருக்கிறது என்று போன வாரம் வந்துவிட்டது. விசாரணைக் குழுவில் மூன்று ஆண்கள். ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இது முன்னாடியே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதே" என்றார். அண்ணா, முன்னாடியே பார்க்க வேண்டியது அவர்கள் வேலை. அதை நான் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த உங்கள் மாப்பிள்ளை சொன்னார்.

குற்றம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பெரிய போட்டிக்கான குழு போன மாதமே கிளம்பிப் போய்விட்டது. என் இடத்தில் வேறு ஒரு பெண் போயிருக்கிறாள். பேப்பரில், நான் பிடிபட்டபோது படத்தோடு போட்டார்கள். விடுவித்ததை உள்பக்கத்தில் மூன்று வரி போட்டிருக்கிறார்கள், காரணம் எழுதவில்லை. அதற்காவது நன்றி.

அத்தை இன்னும் என்னோடு பேசவில்லை. ஆனால் சாப்பாட்டை மூடி வைக்காமல் எதிரில் உட்கார்ந்து பரிமாறுகிறார்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

தங்கை


ஜூலை 9

வெட்டுக்கிளி,

நாங்கள் நலம். மாப்பிள்ளைக்கும் அத்தைக்கும் எங்கள் விசாரிப்பைச் சொல்.

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். எடை மெஷின் எவ்வளவு என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. இதைக் கடைக்காரர்களிடம் மூச்சுக்கு மூச்சு சொல்கிறவன் நான். நீ "எதுவும் சாப்பிடவில்லை" என்று எழுதியபோது அந்தக் காகிதத்தை நம்பாமல் அறிக்கையை நம்பினேன். ஒத்துக்கொள் என்று உன்னைத் தள்ளினேன். நீ அந்த உறையைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் கையில் இருக்கிற ஸ்பேனர் நழுவுகிறது.

மன்னிப்பு என்று எழுதினால் நீ சிரிப்பாய். அதனால் எழுதவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்.

மறுபடி ஓடுவாயா? நான் கேட்கவில்லை, உன் அண்ணி கேட்கச் சொன்னாள்.

உன் அண்ணன்


அக்டோபர் 19

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது, இவ்வளவு நாள் எழுதாமல் இருந்துவிட்டு. அவர் கப்பலுக்குத் திரும்பிவிட்டார். போகும்போது ஷூ வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஓடினேன். சின்னப் போட்டிதான். மூன்றாவது வந்தேன். ஓடுகிற வழியில் யாரோ "மருந்து" என்று கத்தினான். அந்த ஒரு வார்த்தைக்குக் கால் பின்னிக்கொண்டது, சமாளித்துவிட்டேன்.

இதில் அதிசயம் என்னவென்றால், அத்தை வந்திருந்தார். அன்று காலை நான் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "எங்கே போறீங்க அத்தை?" என்றேன். "நீ போற எடத்துக்குத்தான்" என்றார். ஆறு வருஷத்தில் நான் ஓடி அவர் பார்த்ததில்லை. முடிவுக்கோட்டில் துண்டை வைத்துக்கொண்டு, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

மூச்சு வாங்கி முடிப்பதற்குள் சோதனைக்கு ஆள் வந்துவிட்டார். சீட்டுக் குலுக்கியதில் என் பெயர் விழுந்ததாம். எனக்குப் பயமாகிவிட்டது. சுத்தமாக ஓடினவளுக்கு என்ன பயம் என்று கேட்காதீர்கள், போன தடவையும் சுத்தமாகத்தான் ஓடினேன். அவசரமாகத் தண்ணீர் குடித்ததில் பாதி சட்டையில் கொட்டிவிட்டது. இந்தத் தடவை வேறு அதிகாரி, இளவயசுப் பெண். இரண்டு பாட்டிலையும் மூடிவிட்டு, கடந்த வாரத்தில் என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். மூன்றாவது தடவை கேட்டபோதுதான் ஒன்றுமில்லை என்றேன்.

அத்தையை அறை வாசலோடு நிறுத்தி வைத்திருந்தார்கள். பாட்டில் பெட்டியோடு அந்தப் பெண் வெளியே வந்ததும் அத்தை வழியை மறித்துக்கொண்டார்.

"ஏம்மா, இதுல எல்லாத்தையும் பாப்பீங்களா?"

"பாப்போம்மா."

"போன தடவ பாதி பாத்துட்டு மீதிய விட்டுட்டீங்க. என் பேரப்பிள்ளை அந்த பாட்டில்ல இருந்துச்சு. ஒருத்தரும் பாக்கல." அத்தை கத்தவில்லை. கடையில் சாமான் கேட்கிற மாதிரிதான் கேட்டார். "இந்தத் தடவ முழுசாப் பாருங்க."

அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். அத்தை வழிவிட்டார். என் பக்கம் திரும்பி, "சட்டை நனைஞ்சிருக்கு, மாத்திக்கோ" என்றார். பிப்ரவரிக்குப் பிறகு அவராக என்னிடம் பேசிய முதல் வாக்கியம்.

முடிவு வர மூன்று வாரமாகும் என்கிறார்கள். அதுவரை வாசல் மணி அடிக்கும்போதெல்லாம் அத்தையும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம். யாராவது ஒருவர் எழுந்து போய்த் திறக்கிறோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வெட்டுக்கிளி